மூன்று வேளைப் பிடியரிசி

பினாங்கு, 1931 செப்டம்பர் 5, சனி

விடியும்போதே மழை. பிடியரிசிச் சாக்கு நனையாமலிருக்க இவருடைய மழைக்கோட்டைக் கேட்டேன். "ஆபீசுக்கு வேணும்" என்றார். எந்த ஆபீசு? ரப்பர் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை போனது மே மாதம். ஆனாலும் தினமும் கோட்டு, டை, தொப்பி. நடந்தே கடற்கரைக்குப் போய்ப் புல்வெளியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார். நானும் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "சீக்கிரம் வந்துருங்க" என்கிறேன். நாடகத்தில் எனக்கும் ஒரு வேஷம்.

சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மழையிலேயே போனேன். டத்தோ கிராமட் ரோட்டு வீடுகள் முதலில். பிறகு சந்து. கடைசியில் எஸ்தரம்மா பங்களா. சேறு, நாய், வழுக்கல். செருப்பு வார் அறுந்தது.

எஸ்தரம்மா வீட்டில் புதுச் சமையல்காரன், ஹைலாம் சீனன். பிடியரிசி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். சோறு பொங்கும்போதெல்லாம் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி தனிப் பானையில். மூன்று வேளைக்கு மூன்று பிடி. சனிக்கிழமை நான் வந்து வாங்குவேன், ஞாயிறு கோயிலுக்குப் போகும். எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் உண்டு. "உங்க சாமி அவ்வளவு அரிசியா சாப்பிடும்?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். அப்புறம் வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

என் சிரிப்பு நிற்குமுன்னே எஸ்தரம்மா வந்துவிட்டாள். நம் சபைப் பொருளாளர் தேவசகாயத்தின் மனைவி. ஒரு கையில் பவுடர் டப்பா.

"மார்த்தாள் பாவம், ஞானப்பூ. புருஷனும் போய்ட்டான். லில்லிய நான் வீட்டோட வச்சுக்கிறேன்னு சொல்லிட்டேன். அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை முடிஞ்சதும் அப்படியே மோட்டார்ல கூட்டிட்டு வந்துருவேன்."

"பள்ளிக்கூடம்?"

"இங்க வேலை பழகட்டும். பாத்திரம் கழுவும், பிள்ளையப் பாத்துக்கும். மூணு வேள சோறு. நானே கவுன் தச்சுத் தாரேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் ஆத்திரம். திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்போடு பேசுகிறவளை என்ன செய்வது?

மார்த்தாளின் மகள் லில்லிக்கு ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்பு. நான் கதையை மாற்றிச் சொன்னால் எழுந்து நின்று திருத்துகிற பிள்ளை. அதைப் பாத்திரம் கழுவ அனுப்புகிறாளா மார்த்தாள்?

திரும்புகிற வழியில் சந்தின் கடைசி வீடு, மார்த்தாள் வீடு. இருந்தாளா என்றால் இருந்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. பானையை எடுத்து நீட்டினாள். வாய்வரைக்கும் அரிசி. ஒரு வாரத்து மூன்று வேளைப் பிடி பானையில் எங்கே நிற்கும் என்று எனக்குப் பார்த்ததும் தெரியும். ஒரு பிடிகூடக் குறைவில்லை. வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லையே, பிறகு எதற்குப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறாள் என்று எனக்கு அவள்மேல் வெறுப்பே வந்தது.

செப்டம்பர் 6, ஞாயிறு

வெயில். இவர் கோயிலுக்கு வரவில்லை. தலைவலியாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற தலைவலி.

சபைப் போதகர் ஐயர் பிரசங்கம், காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவை. குரல் கம்மிப்போய்ப் பாதி கேட்கவில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டாளாம். நாமும் அப்படிப் போட வேண்டுமாம். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அந்த மனுஷி என்ன சாப்பிட்டாள்? எந்த ஐயரும் சொன்னதில்லை. ஆண்டவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று இருக்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போயிருப்பாரா? போயிருக்க மாட்டார். எழுதினவர்களுக்கு அது முக்கியமாகத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்து பின்வாசலில் அரிசி நிறுத்தார்கள். வழக்கம்போல முக்குக்கடைச் சீனன் வாங்கிக்கொண்டான். பணம் ஆர்மோனியத்துக்கு. சிங்கப்பூரிலிருந்து வருகிறதாம். தேவசகாயம் சொல்லும்போது அவர் கண்ணில் ஆர்மோனியமே தெரிந்தது.

மார்த்தாள் என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். லில்லி மட்டும் ஓடிவந்து, "ஆன்ட்டி, அடுத்த வாரம் நான் கடைசி கிளாஸ்" என்றாள். அழவில்லை. கவுன் என்ன நிறம் என்று எஸ்தரம்மா சொல்லிவிட்டாளாம். நீலம்.

செப்டம்பர் 7, திங்கள்

மகள் சாராவுக்கு இருமல். ஓமம் இல்லை, இஞ்சி வைத்துச் சமாளித்தேன்.

மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. ராத்திரிக்கும் கிழங்கு. இவர் குனிந்த தலை நிமிராமல் தின்றார். ஏதாவது சொல்லிவிட்டால்கூடத் தேவலை.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. செருப்புக்குக் கயிறு.

செப்டம்பர் 8, செவ்வாய்

சாரா தலையில் பேன். வாசலில் உட்காரவைத்துச் சீவிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பிள்ளை, கை வலிக்கிறது கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், திடீரென்று:

"லில்லி வீட்டுல பானை நெறைய அரிசி இருக்கும்மா. ஆனா அது ஏசப்பா அரிசியாம். தொட்டா அவங்கம்மா கைய ஒடச்சிருவாங்களாம். அவங்க கெழங்குதான் திங்காங்க. நம்மள மாதிரியே."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. நம்மள மாதிரியே.

அப்படியே எழுந்து போனேன். மார்த்தாள் அப்போதுதான் பங்களாவில் துணி துவைத்துவிட்டு வந்திருந்தாள். கை தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று. கேட்காமலே பிடியரிசிப் பானையைத் திறந்தேன். சயாம் வெள்ளை, ரங்கூன் புழுங்கல், சிவப்பரிசி, குருணை, எல்லாம் கலந்து. ஒரு வீட்டில் இத்தனை வகை அரிசி எப்படி? இப்படிக் கலந்த அரிசி பினாங்கில் ஒரே இடத்தில்தான் உண்டு. என் சாக்கில். நாற்பது வீட்டு அரிசி ஒன்றாய் விழுகிற சாக்கு.

"இது எங்க வாங்குனே?"

"முக்குக்கடையில. கோயில் அரிசின்னு மலிவா போடுறான். கலப்பு அரிசி யாரு வாங்குவா."

ஆக, நாங்கள் கொண்டுபோய்க் கொட்டுவதைச் சீனன் வாங்குகிறான். சீனனிடம் மார்த்தாள் வாங்குகிறாள். வாங்கி, பானையில் போட்டு, சனிக்கிழமை என்னிடமே தருகிறாள். ஒரே அரிசி கோயிலையும் கடையையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு வயிற்றிலும் விழவில்லை.

"எத்தன வேள ஒல வைக்கே?"

"ஒருவேள. கஞ்சி."

"பிடி?"

"மூணு."

"கிறுக்கா ஒனக்கு? ஒருவேளைக்கு ஒரு பிடி எடுத்தாப் போதாது?"

"நீங்கதானக்கா வந்து பானையப் பாக்கிறது. கொறஞ்சா என்ன கேப்பீங்க? ஊருக்குப் போயிருந்தியா மார்த்தாள்ம்பீங்க. அன்னைக்கே எஸ்தரம்மாவுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம கோயில் முழுக்கத் தெரியும்."

கேட்டிருக்கிறேன். எத்தனை வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். கேலியாகத்தான். போன மாதம்கூட ஒரு வீட்டில்.

"பிள்ளையக் குடுக்கப்போறே, இந்தப் பானையில கை வைக்க மாட்டியா?"

"அது ஆண்டவர் சொத்துக்கா. தொட்டா பாவம். பிள்ள அங்க போனா வயிறாவது நெறையும்." சொல்லிவிட்டு மூடியைப் போட்டு மூடினாள்.

வீட்டுக்கு வந்து என் பானையைத் திறந்து பார்த்தேன். சனி மத்தியானத்துக்குப் பிறகு நான் சோறு பொங்கினது ஞாயிறு ஒருமுறை, இன்று காலை ஒருமுறை. பானையில் இருக்கிறது மூன்று நாள் அரிசி, ஒரு வேளை தவறாமல். என் கைதான் எடுத்துப் போட்டிருக்கிறது. யாருக்குக் காட்ட? பானையைப் பார்க்க வருகிறவளே நான்தான்.

வயிற்றில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. விறகைப் போட்டு உடைத்தேன்.

செப்டம்பர் 9, புதன்

காலையில் ஐயர் வீட்டுக்கு. ஐயரம்மா கதவைத் திறந்து உள்ளே கூப்பிடாமல் ஐயரை வாசலுக்கு அனுப்பினாள்.

எல்லாம் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை. இனிமேல் பிடியரிசியைக் கடைக்கு விற்க வேண்டாம், இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள் என்றேன். ஐயர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமிட்டித் தீர்மானம்மா. நான் ஒருத்தன் மாத்த முடியாது."

"தாவீது பசியோட வந்து நின்னப்ப, ஆலயத்து அப்பத்தத்தான எடுத்துக் குடுத்தாங்க ஐயா? கமிட்டியக் கேட்டா குடுத்தாங்க?"

சிரிப்பாரென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தேவசகாயத்துக்கிட்ட பேசிப் பாரு" என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார். கோழை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதியும் வைக்கிறேன்: கோழை.

அங்கிருந்து பொருளாளரின் துணிக்கடைக்கு. தேவசகாயம் உட்காரச் சொன்னார், சோடா வாங்கிக் கொடுத்தார். மரியாதைக்கெல்லாம் குறைவில்லை.

"தேவனுக்குன்னு ஒதுக்குனத நாமளே திரும்ப எடுத்துத் திங்கலாமா? ஒங்களுக்குத் தெரியாததாம்மா? கஷ்டப்படுறவங்களுக்கு வேற வழி இருக்கு. இப்ப லில்லிக்கு நாங்க செய்யலயா?"

"லில்லிக்குச் செய்ய வேண்டாங்கய்யா. லில்லி வீட்டு அரிசிய லில்லி வீட்டுலயே விட்டாப் போதும்."

முகம் மாறினது. "ஆர்மோனியத்துக்கு ஆர்டர் குடுத்தாச்சு. சபையில யாரு பட்டினி கெடக்கா? பானையெல்லாம் நெறஞ்சுதான வருது? நீங்கதான கொண்டாறீங்க."

அவர் சொன்னது சரிதானே. பானையெல்லாம் நிறைந்துதான் வருகிறது. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து சொன்ன பொய்யை எடுத்து எங்கள் முகத்திலேயே அடித்தார். அவருக்கு அது பொய்யென்று தெரியாது. சோடாவைக் குடிக்காமல் வந்தேன். இப்போது தாகமாக இருக்கிறது.

செப்டம்பர் 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை, கோபம்தான்.

இன்று என் பிடியரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மார்த்தாள் வீட்டுக்குப் போனேன். முந்தானையால் மூடி. இது ஆண்டவர் அரிசி இல்லை, நான் தருகிற அரிசி, லில்லியை அனுப்பாதே என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

மார்த்தாள் பானையைத் தொடவில்லை.

"ஒங்க வீட்டுல என்ன சமையல் இன்னைக்கு?"

"மீன் கொழம்பு."

"சாரா வேற மாதிரி சொல்லிச்சே."

எனக்கு முகம் எரிந்தது. அவள் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அண்ணன் கோட்டு போட்டுக்கிட்டுக் கடற்கரையில உக்காந்திருக்கிறத நான் துணி கொண்டு போறப்ப டெய்லி பாக்கிறேன். ஊரே பாக்குது. நீங்க மட்டும் எனக்குத் தர்மம் பண்ண வாரீங்க. நான் ஏன் வாங்கணும்? நீங்க வாங்குவீங்களா? யாராவது குடுத்தா, எல்லாரும் பாக்க, நீங்க கைய நீட்டி வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"வாங்குங்க. அப்புறம் நான் வாங்குறேன்."

பானையோடு திரும்பினேன். வரும் வழியில் அவளை என்னவெல்லாம் நினைத்தேன், எழுதவில்லை. திமிர் பிடித்தவள். பிள்ளையை விற்றாலும் விற்பாளாம், அரிசி வாங்க மாட்டாளாம். அப்புறம் யோசித்தால், நான் மட்டும் என்ன? மீன் குழம்பாம், மீன் குழம்பு. மீனைக் கண்ணால் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று.

செப்டம்பர் 12, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். பண்டிகை வாரமென்று எல்லா வீட்டிலும் பானை தளும்பத் தளும்ப. வாங்க வாங்க ஆத்திரம். போன வாரம் வரை இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே. இன்று அரிசியைப் பார்க்கவில்லை, கொடுக்கிற கையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். எத்தனை கழுத்தில் சங்கிலி காணோம். "அழுக்காச்சு, கழுவ வச்சிருக்கேன்" என்கிறார்கள், நான் கேட்காமலே. ஓரிடத்தில் சமையலறைப் பக்கம் போய்விட்டேன், அந்த அம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். சாரா தூங்குகிறாள். ஜெபம் என்று சொல்ல முடியாது. சண்டை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். உமக்கு ஆர்மோனியம் வேண்டுமா? உமக்குப் பசிக்கிறதா? எங்கள் பிள்ளைகள் கிழங்கைத் தின்றுகொண்டு உம்முடைய அரிசிக்குக் காவல் இருக்கிறார்களே, இதை நீர் கேட்டீரா, இல்லை நாங்களாகத் தருகிறோமா? கேட்காததை எங்களிடம் ஏன் வாங்கிக்கொண்டிருக்கிறீர்? ஐந்தாயிரம் பேரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவர் நீர்தானே. யாரிடமும் மூன்று பிடி எடுத்துவைக்கச் சொல்லவில்லையே.

முழங்கால் மரத்துப்போயிற்று. ஆனால் எழுந்திருக்கும்போது ஒன்று தெளிவாக இருந்தது: ஆண்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. இவ்வளவு நாளும் அவர்மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னோடு சேர்ந்து கோபமாக இருக்கிறார் என்று பட்டது. அப்படிப் பட்டதும் பயம் போயிற்று. கோபம் போகவில்லை. போக வேண்டாம்.

இவர் ஐந்து மணிக்கு வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அங்க நான் மட்டும் இல்ல, ஞானம். எட்டுப் பத்துப் பேர் வாரோம். எல்லாரும் கோட்டு போட்டுத்தான். மத்தியானம் ஆளாளுக்கு ஒரு மரம் பாத்துப் போய்ருவோம். சாப்பாடு கொண்டாரலன்னு அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதுல்ல."

சிரிப்பும் வந்தது, அந்தப் பத்துப் பேரையும் பிடித்து அறைய வேண்டும் போலவும் வந்தது. நாளைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். மானம் போகும் என்றார். மானம் மே மாதமே போய்விட்டது, இப்போது போய்க்கொண்டிருப்பது உடம்பு என்றேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு, அறுப்பின் பண்டிகை

மத்தியானம் எழுதுகிறேன்.

கோயில் முழுக்கக் கரும்பு, வாழைத்தார், அன்னாசி, பூசணி, தேங்காய். பெஞ்சுக் காலில் கட்டிய சேவல் ஜெபத்துக்கு நடுவே கூவிக்கொண்டே இருந்தது. பீடத்துக்கு முன்னால் பெரிய மூங்கில் கூடை, பிடியரிசிக்கு. நேற்று நான் சேர்த்த சாக்கும் அதில் கொட்டியிருந்தது. பண்டிகையன்று வீட்டுக்கு வீடு பெண்கள் வரிசையாகப் போய்த் தங்கள் கையாலும் ஒரு பிடி போடுவது வழக்கம்.

இவர் வந்தார். கோட்டு இல்லை. வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சு. நான் கேட்டு வரவில்லை. தானாக வந்தார்.

எஸ்தரம்மா முன் பெஞ்சில். பக்கத்தில் லில்லி, நீலக் கவுன், தலையில் ரிப்பன். முடியை இழுத்து வாரியதில் கண் மேலே ஏறிப்போயிருந்தது. மார்த்தாள் நான்கு பெஞ்சு பின்னால் தனியாக. பிள்ளை இப்போதே அவர்கள் வீட்டுப் பிள்ளை.

கீர்த்தனை பாடும்போது பெண்கள் போனார்கள், போட்டார்கள், வந்தார்கள். என் முறை. கையில் பானை. வெறும் பானை. கூடைக்கு முன்னால் முழங்கால் போட்டு, கையை விட்டு, அள்ளிப் பானையில் போட்டேன். ஒரு பிடி. இன்னொரு பிடி. இன்னொன்று. பாட்டு ஒவ்வொரு பெஞ்சாக நின்றது. பின் வரிசைக்காரர்கள் மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தேவசகாயம் எழுந்துவிட்டார்.

"என்னம்மா செய்யறீங்க?"

"அரிசி எடுக்கிறேன்."

"எதுக்கு?"

"எங்க வீட்டுல இல்ல."

எவ்வளவு சின்ன வாக்கியம். நாலு மாதமாக வாயில் வராத வாக்கியம்.

"சாலமோன்," என்றார் ஆண்கள் பக்கம் திரும்பி, "ஒங்க சம்சாரத்தக் கூப்பிடுங்க."

இவர் எழுந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, குரல்தான் கேட்டது. "எனக்கு வேல இல்லங்கய்யா. மே மாசத்துலருந்து இல்ல. அவ எடுக்கட்டும்."

எழுந்து மார்த்தாளைப் பார்த்தேன். எல்லாரும் பார்க்க எடுத்தாயிற்று, நீ சொன்னபடி. வா. கண்ணாலேயே கூப்பிட்டேன். அவள் குனிந்துகொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தில் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். இவளுக்காகத்தானே இவ்வளவும். எஸ்தரம்மா லில்லியின் தோளில் கை வைத்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

அப்போது முன்வரிசை ஓரத்தில் யாரோ எழுந்தார்கள். ஐயரம்மா. என்னை வெளியே போகச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்தவள் என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். கையில் பாத்திரம் இல்லை. முந்தானையை விரித்துப் பிடித்து, கூடைக்குள் கையை விட்டாள். மணிக்கட்டில் வளையல் முழங்கைவரை சரிந்து ஓடியது, அவ்வளவு மெலிவு.

"எங்க வீட்டுலயும் ஒருவேளதான், ஞானப்பூ," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பாட்டு நின்றிருந்ததே, எல்லாருக்கும் கேட்டது.

ஐயர் பீடத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தக் கம்மல் குரல். அந்தக் கோழை. நான் அன்று வாசலில் நின்று தாவீதின் பசியைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மார்த்தாள் வந்தாள். நடந்து வந்தாள் என்பதைவிட, யாரோ தள்ளிவிட்ட மாதிரி வந்தாள். இரண்டு கையாலும் அள்ளினாள். அழுதுகொண்டே அள்ளினாள். கீழே சிந்தினதையும் பொறுக்கினாள். சங்கிலி கழுவ வைத்திருக்கிற ஓர் அம்மாளும் வந்தாள், வேறு இரண்டு பேரும். அவ்வளவுதான். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் எழுந்து வெளியே போனார்கள். தேவசகாயம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடை பாதிக்கு மேல் அப்படியேதான் இருந்தது. நாங்கள் எடுத்தது அவ்வளவு கொஞ்சம்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறதாம். விளக்கம் கேட்பார்களாம். உபதேசியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். போகிறேன். எனக்கும் கேட்க இருக்கிறது.

வெளியே எஸ்தரம்மா மோட்டார் பக்கத்தில் நின்றிருந்தாள். கதவு திறந்திருந்தது. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் லில்லியைப் பிடித்த பிடி விடவில்லை.

"மார்த்தாள், நேரமாச்சு. லில்லி துணியெல்லாம் எங்க?"

மார்த்தாள் மடி நிறைய அரிசி. இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்திருந்தாள். லில்லியைத் தொடக்கூடக் கை இல்லை.

"பிள்ள வரலம்மா. கவுன தொவச்சுக் குடுத்துவிடுறேன்."

"வந்து என்ன சாப்பிடும் அங்க?"

"அரிசி இருக்கு."

"இது எத்தன நாளைக்கு வரும், மார்த்தாள்? யோசிச்சுப் பாரு. எத்தன நாளைக்கு?"

"அடுத்த ஞாயிறும் கோயில் தெறப்பாங்கள்ல," என்றாள் மார்த்தாள்.